ஐந்து நிமிடம் பேசினால் போதுமா?

கேள்வி: அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ நாவல் படித்தேன். உரையாடலுக்கு மேற்கோள் குறிகூடப் போடவில்லை. காதலர்கள் ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசியிருந்தால் கதையே முடிந்திருக்கும். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பதில்: என்ன பேசியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? வாடகையைப் பற்றி. 2012 கோடை விடுமுறைக்கு டப்ளினில் தங்க, நாயகன் கானலிடம் காசு இல்லை. ‘உன் வீட்டில் இருக்கட்டுமா?’ என்று காதலி மரியானிடம் கேட்டால் போதும். ஆனால், அவன் அம்மா லொரெய்ன் மரியான் வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். அந்த வீட்டுப் பெண்ணிடம் இவன் எப்படிக் கேட்பான்? ஊருக்குப் போகிறேன் என்கிறான். நம்மை விட்டுவிட்டான் என்று அவள் புரிந்துகொள்கிறாள். இதைக் காதல் கதையாக மட்டும் படித்தால் அசட்டுத்தனமாகத்தான் தெரியும். காசு எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அவர்கள் படிக்கும் டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகை இருவருக்கும் கிடைக்கிறது. அவளுக்கு அது பெருமை, அவனுக்குத் தங்க இடமும் சாப்பாடும். நாவல் தொடங்குவது 2011 ஜனவரியில். அயர்லாந்து திவாலாகாமல் இருக்க பன்னாட்டு நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) கைநீட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மேற்கோள் குறி விஷயம். ‘என்றான்’, ‘என்றாள்’ வரும் இடங்களைப் பிடித்துக்கொண்டால் இருபது பக்கத்தில் கண் பழகிவிடும். எதைச் சொன்னான், எதைச் சொல்லவந்து விழுங்கினான் என்று நீங்கள் தடுமாறும் இடத்தில்தான் மரியானும் தடுமாறுகிறாள். அத்தியாயத் தலைப்பில் இருக்கும் மாதத்தைத் தாண்டிப்போகாதீர்கள். அவசரமாகப் படிக்கிறவர்கள் வழி தவறுவது அங்கேதான். கதை சில வாரமோ சில மாதமோ தாவிவிட்டு, நடந்ததைப் பின்னோக்கிச் சொல்லும்.

இன்னொன்று, கானலும் மரியானும் பிறந்த காலத்தில் அயர்லாந்தில் விவாகரத்தே கிடையாது. 1995 வாக்கெடுப்பில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வந்த உரிமை அது. உறவைப் பற்றி வாய்திறந்து பேசி அந்த நாட்டுக்கு ரொம்பப் பழக்கமில்லை.

பேசித் தீர்க்கிறவர்கள்தான் வேண்டுமா? இன்னொரு அயர்லாந்து எழுத்தாளர் கோல்ம் டோபீனின் ‘லாங் ஐலண்ட்’ (2024) நாவல் இருக்கிறது. அதற்கு முன் அதன் முன்கதையான ‘புரூக்ளின்’ (2009) படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி புரியாது. ‘லாங் ஐலண்ட்’ நாயகி எய்லிஷ் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து நிற்கிறான்: உன் புருஷனால் என் மனைவி கர்ப்பம், பிள்ளை பிறந்ததும் இங்கே கொண்டுவந்து போட்டுவிடுவேன். ஒளிவுமறைவே இல்லை. ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, மிச்சப் புத்தகம் முழுக்கச் சிக்கல்.