இங்க் பேனா நிப்பை நிபுணரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கலாமா?

புதுப் பேனா, நிப் வளையவில்லை, ஆனாலும் முதல் கோடு விழுவதில்லை, தீட்டக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

நிப்பின் நுனியில் கடுகைவிடச் சிறிய உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். ருத்தீனியம், ஆஸ்மியம் போன்ற கடின உலோகங்களின் கலவை அது. தாளில் உரசுவது அதுதான், தங்கமோ எஃகோ அல்ல. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். நடுப்பிளவின் இரு ஓரங்களும் அளவுக்கு மீறி உருண்டிருந்தால் மை உள்ளேயே நின்றுவிடும், தாளைத் தொடாது. உங்கள் பேனாவுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தேர்ந்த கை மிக நுண்ணிய உப்புத்தாளில் கொஞ்சம் இழுத்தாலே சரியாகிவிடும்.

உருவத்தையே மாற்றுவது வேறு வேலை. உருண்டையைத் தட்டையாகத் தீட்டினால் நெடுக்குக் கோடு தடிமனாகவும் குறுக்குக் கோடு மெல்லியதாகவும் விழும். இதுதான் ஸ்டப். அதில் க, ட எழுதிப் பாருங்கள், அவ்வளவு அழகு! ஆனால் அகலம் கூடினால் ண, ணை சுழிகள் மையில் அடைந்துபோகும். தமிழுக்கு 0.8 மி.மீ. தாண்ட வேண்டாம் என்பேன். அப்புறம், ஜப்பானின் செய்லர் நிறுவனத்தில் நொபுயோஷி நாகஹாரா உருவாக்கிய நாகினாதா தோகி நிப் இருக்கிறது. பேனாவைச் சாய்த்தால் தடிமன், நிமிர்த்தினால் மெல்லிசு.

தீட்டி எடுத்த உலோகம் திரும்ப வராது. மெல்லிய நிப்பைத் தடிப்பாக்க, நுனியில் புது உலோகம் ஒட்ட வேண்டும், செலவு கூடும். அதனால் எந்தக் கை, எவ்வளவு சாய்வு, அழுத்தம், எந்த மை, எந்தத் தாள், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.