கேள்வி நேரத்தை எது விழுங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் துறை சார்பில் பல்கலைக்கழக வளாகத்தில் பொதுச் சொற்பொழிவுகள் நடத்துகிறோம். மொத்தம் 90 நிமிடம். ஆனால் பார்வையாளர் கேள்விக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. பேச்சாளரை எப்படி நிறுத்துவது?
– துறைச் செயலர் ஒருவர்

பழியைப் பேச்சாளர் மேல் போடுமுன் கணக்குப் பாருங்கள். கூட்டம் சேரட்டும் என்று 10 நிமிடம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆளுக்கு 5 என்று 15. அறிமுகம் என்ற பெயரில் பேச்சாளரின் பட்டங்களையும் பதவிகளையும் வாசிக்க 8. அவர் வாய் திறக்கும் முன்பே 33 நிமிடம் போய்விட்டது. ஒரு மணி நேரம் பேசத் தயாராக வந்தவர் அதில் எதைக் குறைப்பார்?

நேரத்தைப் பின்னாலிருந்து பிரியுங்கள். கடைசி 30 நிமிடம் கேள்விக்கு. அதை யாரும் தொடக்கூடாது. அதற்கு முன் 40 நிமிடம் பேச்சு. வரவேற்பும் அறிமுகமும் சேர்த்து 5, ஒரே ஆள் செய்யட்டும். அறிமுகத்தில் மூன்று செய்தி போதும்: இவர் யார், இந்தப் பொருளில் என்ன செய்திருக்கிறார், இதை இப்போது ஏன் கேட்க வேண்டும். மற்றவை துண்டறிக்கையில் இருக்கட்டும். மீதி 15 நிமிடம் தாமதத்துக்கும் தடங்கலுக்கும் கையிருப்பு.

‘40 நிமிடம் பேச்சு, 30 நிமிடம் கேள்வி’ என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். மேடை ஏறிய பிறகு சொன்னால் அவர் எதையும் வெட்டமாட்டார், வேகமாகப் பேசுவார். முன்வரிசை நடுவில் ஒருவர் உட்கார்ந்து 10, 5, 1 என்று பெரிய எழுத்தில் அட்டை காட்டட்டும். பக்கவாட்டில் நின்று காட்டினால் பேச்சாளர் கண்ணில் படாது.

லண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1826இல் தொடங்கிய வெள்ளி மாலைச் சொற்பொழிவுகளின் மரபு இதுதான்: மணி அடித்ததும் பேச்சாளர் நேரே பொருளுக்குள் போவார், ஒரு மணி நேரத்தில் முடிப்பார். அவையை மதிக்க அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

குழு விவாதம் என்று ஐந்து பேரை மேடையில் அமர்த்தினோம். ஐந்து தனிப் பேச்சுதான் நடந்தது. விவாதமே இல்லை.
– ஆய்வு மாணவி

ஐவர் அதிகம். மூன்று பேரும் ஒரு நெறியாளரும் போதும். ஐந்து பேருக்கு ஆளுக்கு 10 நிமிடத் தொடக்கவுரை என்றாலே 50 நிமிடம் ஆகிவிடுகிறது, அதற்குள் முதலில் பேசியவர் சொன்னது மறந்துவிடும்.

ஒரு வாரம் முன்பு நெறியாளர் மூவரையும் அரை மணி நேரம் தொலைபேசியில் கூட்டிப் பேசவேண்டும். ஒத்திகைக்காக அல்ல, அவர்கள் எந்த இடத்தில் உடன்படவில்லை என்று கண்டுபிடிக்க. அப்படி ஓர் இடம் அகப்படாவிட்டால் ஆட்களையோ தலைப்பையோ மாற்றுங்கள். தொடக்கவுரை ஆளுக்கு 3 நிமிடம், படக்காட்சி இல்லாமல். மடிக்கணினியை மாற்றி மாற்றிப் பொருத்துவதிலேயே அவையின் கவனம் சிதறிவிடும்.

இருக்கை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீண்ட மேசைக்குப் பின்னால் நேர்வரிசையில் அமர்ந்தால் இரு முனையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. முகம் தெரியாதவரிடம் யாரும் வாதாடமாட்டார்கள். மேசையை எடுத்துவிட்டு நாற்காலிகளை வில்போல் வளைத்துப் போடுங்கள். நெறியாளர் நடுவில் வேண்டாம், ஓரத்தில் அமர்ந்தால் ஒரே பார்வையில் மூவரையும் பிடிக்கலாம்.

மைக் அடிக்கடி ஊளையிடுகிறது. ஒலியைக் குறைத்தால் பின்வரிசைக்குக் கேட்பதில்லை.
– மாணவர் மன்றப் பொறுப்பாளர்

ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து, பெருகி, திரும்ப நுழைவதால் வரும் ஊளை அது. முதலில் ஒலிபெருக்கிகளின் இடத்தைப் பாருங்கள். அவை பேசுபவருக்கு முன்னால், அவையை நோக்கி இருக்க வேண்டும். பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் என்ன செய்தாலும் ஊளையிடும்.

அடுத்து, திறந்திருக்கும் மைக்குகள். அவற்றின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளையில்லாமல் கூட்டக்கூடிய ஒலியளவு ஏறத்தாழ 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறைகிறது. நான்கு மைக் திறந்திருந்தால் 6 டெசிபல் இழப்பு. ஆகவே பேசுபவரின் மைக் மட்டும் திறந்திருக்க, மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகையின் (மிக்ஸர்) முன் ஒருவர் இறுதிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் கிடைக்கும். குமிழைத் திருகுவதற்கு முன் மைக்கை வாயருகே கொண்டுவரச் சொல்லுங்கள். கை மைக்கின் வலைத்தலையைப் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் தன்மை கெட்டு எல்லாப் பக்கமும் வாங்கத் தொடங்கும், உடனே ஊளை வரும். காலர் மைக் என்றால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில். கழுத்துச் சங்கிலியும் சால்வையும் அதில் உரசாமல் பாருங்கள்.

கம்பியில்லா மைக்குக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய பேட்டரி. காலி அரங்கில் சோதித்த ஒலியளவு ஆட்கள் நிறைந்ததும் போதாது, உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். கொஞ்சம் கூட்ட இடம் விட்டு வையுங்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் தனியாகச் சொற்பொழிவே நிகழ்த்துகிறார். மாணவிகள் கையே தூக்குவதில்லை.
– உதவிப் பேராசிரியர்

இரண்டுக்கும் மருந்து நெறியாளர் கையில் இருக்கிறது. பத்து நாடுகளில் கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் கேள்வியை ஆண் கேட்ட அரங்குகளில் பெண்கள் கேட்பது குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. முதல் வாய்ப்பை ஒரு மாணவிக்குக் கொடுங்கள். பேச்சு முடிந்ததும் 2 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள். தயங்குபவர்களுக்கு அதற்குள் கேள்வி உருவாகிவிடும். கூச்சம் மிகுந்தவர்களுக்குத் துண்டுச்சீட்டு இருக்கவே இருக்கிறது.

‘ஒரு கேள்வி, அரை நிமிடம்’ என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மைக்கைத் தன்னார்வலர் பிடித்திருக்கட்டும், கேட்பவர் கைக்குப் போகவேண்டாம். ‘என் குரல் கேட்கும், மைக் வேண்டாம்’ என்பவரையும் விடாதீர்கள்: அருகில் இருப்பவருக்குக் கேட்கும், செவிப்புலன் குறைந்தவருக்கும் ஒலிப்பதிவுக்கும் கேட்காது. மூன்று கேள்வியைச் சேர்த்து வாங்கும் பழக்கத்தையும் கைவிடுங்கள். பேச்சாளர் எளிதானதற்குப் பதில் சொல்வார், கடினமானது காணாமல் போகும்.

பேச்சைப் பதிவுசெய்து இணையத்தில் போடலாமா?
– நூலகப் பணியாளர்

பேச்சாளரின் எழுத்துமூல இசைவு இருந்தால் போடலாம்; அதை அழைக்கும்போதே வாங்குங்கள். அவர் காட்டும் படங்கள் பிறருடையவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வையாளர்களுக்கு வாசலில் அறிவிப்பு வைத்து, படத்தில் விழ விரும்பாதவர்களுக்குக் கேமராவுக்கு எட்டாத ஒரு பகுதியை ஒதுக்குங்கள்.