குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போன விடுமுறையை மழை கெடுத்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

உண்டு. ஐந்து நாள் விடுமுறையில் எங்கள் தூண்டில் தண்ணீரில் கிடந்தது மொத்தமே ஆறேழு மணி நேரம்தான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் ஏரிக்கரை விடுதியின் ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போனது ஐந்து பேர். நான், என் கணவர், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், என் அப்பா. அப்பாவுக்கு 72 வயது. எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இப்போது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கும் தானே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. வாய்விட்டுக் கேட்க மாட்டார், எனக்குத் தெரியும். அதற்காகவே மாதக்கணக்கில் நாள் பார்த்து எல்லோருக்கும் லீவு சேர்த்துக் கிளம்பிய பயணம் அது. அதனால் மழை பிடித்துக்கொண்டபோது எனக்கு வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் இரண்டாம் நாள் ஒரு பெரிய தப்பு செய்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதல் நாள் முழுக்க மழை. மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் விட்டது. மேகம் கலையவில்லை, ஆனால் கரையோரத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. போன ஒரு நாளை ஈடுகட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். துடுப்புப் படகு எடுக்கலாம் என்றேன். "படகு வேண்டாம்மா, கரையிலயே போடலாம். காத்து நம்ம முதுகுப் பக்கமிருந்து அடிக்குது பாரு" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. அவர் ஏறவில்லை, கரையிலேயே நின்றுகொண்டார்.

அவர் சொன்னதன் அர்த்தம் தண்ணீரில் போன பிறகுதான் புரிந்தது. காற்று கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கும்போது, கரையில் இருக்கும் மேடும் மரமும் அதை மறைத்துவிடும். அலை எழும்பக் கொஞ்சம் தூரமும் வேண்டும். அதனால் நாம் நிற்கிற இடத்தில் தண்ணீர் எப்போதும் சாதுவாகத்தான் தெரியும். இருநூறு முந்நூறு மீட்டர் தாண்டியதும் அந்த மறைப்பு போய்விடுகிறது. போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போனதில் ஐந்து நிமிடத்தில் அவ்வளவு தூரம் போய்விட்டோம். பார்த்தால் சுற்றிலும் அலை நுனியெல்லாம் வெள்ளை நுரை. திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆனது. கணவர் துடுப்புப் போட, ஒவ்வொரு வீச்சுக்கும் படகு ஓரடி முன்னால் போய் அரையடி பின்னால் வந்தது. மகன் என் முட்டியைக் கட்டிக்கொண்டு படகின் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற பிள்ளை அவன். நான்கு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், அது ஒன்றுதான் நான் அன்று சரியாகச் செய்தது. கரை சேரும்வரை அப்பா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. துண்டை எடுத்துப் பையன் தலையைத் துவட்டிவிட்டார்.

1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கடற்படை அதிகாரி காற்றின் பலத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். கடற்படைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. அதில் நான்காம் எண், மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகக் காற்று. கரையில் புழுதியும் காகிதமும் பறக்கும், சின்னக் கிளைகள் ஆடும். தண்ணீரில் அடிக்கடி வெள்ளை நுரை தெரியும். பெரிய படகுக்கு அது ஒன்றுமே இல்லை. குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் துடுப்புப் படகுக்கு அது அதிகம். நுரை கண்ணில் பட்டால் படகு வேண்டாம், அவ்வளவுதான். கரையோரத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏரியின் நடுவைப் பாருங்கள்.

குழந்தைகளின் ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டுவிட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது தளர்ச்சி. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை மட்டும் கீழே நழுவிவிடும்.

மூன்றாம் நாள் இடி. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணினால் மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது நொடிக்குள் கேட்டால் இடிமேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. தண்ணீரோரம் வெட்டவெளியில் நாம்தான் உயரமான பொருள். போதாததற்குக் கையில் நீளமான தூண்டில். இப்போது வருகிற கார்பன் தூண்டில்களில் மின்சாரம் பாயும். பலருக்கு இது தெரிவதில்லை.

ஆனால் அந்த மூன்றாம் நாள்தான் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா தன் பையைத் திறந்து தூண்டில் நரம்பு, முள், ஈயம், தக்கை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். முள்ளின் காதில் நரம்பைக் கோக்கப் பார்த்தார், கை நடுங்கியதில் கோக்க முடியவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டு முள்ளை மேஜையில் வைத்தார். மகள் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக் கோத்துக்கொடுத்தாள். அதன் பிறகு அவர் வாயால் சொல்லச் சொல்ல அவள் முடிச்சுப் போட்டாள். நுனியை மேல் நரம்பின்மேல் ஐந்து சுற்று. காதுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணிக்குள் நுழைத்து, அதனால் உண்டான பெரிய கண்ணிக்குள் இன்னொரு தடவை. இழுக்கப் போனவளை, "பொறு, எச்சில் தொடு" என்றார். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசலில் சூடேறி அந்த இடத்திலேயே வலுவிழந்துவிடும். மீன் இழுக்கும்போது அறுவதும் பெரும்பாலும் முடிச்சில்தான். ஈரப்படுத்தி மெல்ல இறுக்கினால் சுற்றுகள் ஒன்றன்பக்கம் ஒன்றாகப் படியும். அன்று சாயங்காலத்துக்குள் அவள் முப்பது நாற்பது முடிச்சு போட்டிருப்பாள். ஒவ்வொன்றையும் அப்பா விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது வழுக்கும். இன்னொண்ணு போடும்மா."

காற்றழுத்தம் இறங்கினால் மீன் கடிக்காது என்கிறார்களே, உண்மையா மாமா என்று என் கணவர் கேட்டார். அப்பா தலையசைத்து மறுத்தார். கணக்குப் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. புயல் சின்னம் வரும்போது அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது என்று வையுங்கள். தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் மேலே ஏறினாலே மீனுக்கு அதே அளவு அழுத்தம் குறைந்துவிடும். நாள் முழுக்க மேலும் கீழும் நீந்துகிற மீனுக்கு அது எம்மாத்திரம்! கூடவே மாறுகிற வெளிச்சம், காற்று, தண்ணீரின் சூடு, கலங்கல் ஆகியவைதான் காரணம் என்பது என் கருத்தும்.

நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு மழை விட்டது. இடிச் சத்தமே இல்லை. அப்போதும் அரை மணி காத்திருந்துவிட்டுத்தான் இறங்கினோம். அப்பா எங்களை நேராக ஓடை ஏரியில் வந்து சேரும் இடத்துக்குக் கூட்டிப்போனார். மழைத்தண்ணீர் புழு பூச்சியெல்லாம் அடித்துக்கொண்டு வருவதும் அங்கேதான், புதுத்தண்ணீரில் உயிர்வளி கூடுவதும் அங்கேதான். குளிர்ந்த தண்ணீர் அதை அதிகம் தாங்கும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்றால் 20 டிகிரியில் 9 மில்லிகிராம். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தது. கண்ணால் இரை தேடும் மீனுக்கு அது கஷ்டம், கெளுத்திக்குக் கொண்டாட்டம். அதற்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சுவை தெரியும். பளபளக்கும் போலி இரைகளை எடுத்து வைத்துவிட்டு, மண்புழு மாட்டித் தரையோடு கிடக்க விட்டோம்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மகளின் தக்கை இரண்டு முறை சிலிர்த்தது. அவள் இழுக்கப் பார்த்தாள். "இரு" என்றார் அப்பா. தக்கை பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனது. "இப்ப!" முழங்கை நீளம்கூட இல்லாத கெளுத்தி. முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் முள் விறைத்து நின்றது. அந்த முட்களுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று அப்பா காட்டினார், கையை முதலில் தண்ணீரில் நனைக்கச் சொன்னார். காய்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துபோய் நோய் பிடிக்கும். தூண்டில் முள்ளைக் கழற்றியதும் மகள் மீனைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்தாள். செவுள் மூடித் திறந்தது. வாலை ஓர் அடி அடித்துவிட்டுக் கலங்கலில் மறைந்தது. முடிச்சு தாங்கியதா என்று அப்பா நரம்பைத் தடவிப் பார்த்தார். தாங்கியிருந்தது.

அந்த ஐந்து நாளில் கிடைத்த ஒரே மீன் அதுதான். ஐந்தாம் நாள் காலையிலேயே மறுபடி மழை பிடித்துக்கொண்டது, மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டோம்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே நாள் குறித்திருக்கிறேன். ஐந்துக்குப் பதில் ஏழு நாள். படகுக்குச் சொல்லிவைக்கவில்லை. அப்பா ஒரு முழுச் சுருள் நரம்பை மகளிடம் கொடுத்து, தன் தூண்டிலுக்கும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.