பிளஸ் டூவுக்கு அப்புறம்: கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

ரிசல்ட் வந்த வாரத்தில் படிப்பு பற்றிய சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் 24 வருடம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கலந்தாய்வு விண்ணப்பம் நிரப்பியதிலும் அதே அளவு அனுபவம் உண்டு.

டீச்சர், உயிரியலில் 96 எடுத்திருக்கிறேன். நர்சிங் போ, அக்ரி போ என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. மார்க் வந்த பாடம்தான் பிடித்த பாடமா? (மாணவி, அரூர்)

இல்லைம்மா. பாடத்தை நீ நன்றாகப் படித்தாய் என்பதற்கு 96 அத்தாட்சி, அவ்வளவுதான். ஒரு வேலை பிடிக்குமா என்பது, அந்த வேலையின் ஒரு முழு நாளைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

என் மாணவிகள் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருத்திக்கு நாய், ஆடு என்றால் உயிர். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையில், பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் பேசி, மூன்று நாள் போய் நிற்கச் சொன்னேன். துணைக்கு அவள் தோழியும் போனாள். காலை எட்டு மணிக்கே மாடுகள் வரிசையாக நின்றன. டாக்டர் தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்பக்கம் கையை விட்டுச் சினை பார்க்கிறார். முழங்கைக்கு மேல் சாணி வழிகிறது. வாலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நாய் மேல் உயிராக இருந்தவள் மதியத்துக்கு முன்பே வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வாலைப் பிடித்தது துணைக்குப் போனவள். "மூணு மாசச் சினை" என்று டாக்டர் சொன்னதும், "எதை வச்சு சார் சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். மூன்று நாளும் கேள்விதான். இன்று அவள் கால்நடை மருத்துவர். மற்றவள் பி.காம். படித்து வங்கியில் சந்தோஷமாக இருக்கிறாள். வீட்டில் இரண்டு நாய் வளர்க்கிறாள்.

நீயும் இந்த வாரமே கிளம்பு. தெரிந்த நர்ஸ் அக்கா, வேளாண் அலுவலர், லேப் டெக்னீஷியன் என்று யாராவது இருப்பார்கள். "இது நல்ல வேலையா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேள். உனக்குப் பிடிக்குமா என்பது அந்தப் பதிலைக் கேட்கும்போதே தெரிந்துவிடும்.

ஒரு தகவல்: ஐந்தரை வருட கால்நடை மருத்துவப் படிப்பில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். வேளாண் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கும் நீட் கிடையாது. நீட் எழுதவில்லை என்பதற்காக இவற்றை விட்டுவிடாதே.

நன்றாக வரைவேன் டீச்சர். கவின் கலைக் கல்லூரியில் சேர ஆசை. "படம் போட்டா சோறு வருமா, இன்ஜினியரிங் போ" என்கிறார் அப்பா. (மாணவர், திருப்பத்தூர்)

முதலில் உன்னையே கேட்டுக்கொள், தம்பி. ஒரே பித்தளைக் குடத்தை இருபது நாள் வரையச் சொன்னால் வரைவாயா? ஒளி விழும் பக்கம் மாற மாற, அதே குடம், அதே வயிற்று வளைவு. கல்லூரியில் முதல் வருடம் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஒரு வேலையின் அலுப்பான பகுதியையும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து செய்ய முடிந்தால்தான் அதைப் பிடித்த வேலை என்பேன். கைதட்டல் கிடைக்கும் பகுதி எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆம் என்றால், அப்பாவிடம் பேசலாம். அவருடைய பயம் பணத்தைப் பற்றியது. அது நியாயமான பயம், அதனால் அவரோடு சண்டை போடாதே. விவரத்தோடு போ. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. நான்கு வருடப் படிப்பு, அரசுக் கட்டணம், சேர வரைதல் தேர்வு உண்டு. மாமல்லபுரத்தில் மரபுக் கட்டடக் கலையும் சிற்பமும் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அங்கே போய் வா. உளிச் சத்தத்துக்கு நடுவே மாணவர்கள் வேலை செய்வதை அவர் நேரில் பார்க்கட்டும். படித்து முடித்தவர்கள் அனிமேஷன், துணி வடிவமைப்பு, புத்தக ஓவியம், பள்ளி ஓவிய ஆசிரியர் என்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

பத்தாவது முடித்துவிட்டேன். கணக்கு வராது, ஆனால் கம்ப்யூட்டர் பிடிக்கும். (மாணவி, கோவில்பட்டி)

வணிகவியல், கணக்குப் பதிவியலோடு கணினிப் பயன்பாடுகள் உள்ள குரூப் எடு. பி.சி.ஏ. சேர அது போதும் என்று சொல்லும் கல்லூரிகள் நிறைய உண்டு. ஆனால் கணக்கை அடியோடு விட்டுவிடாதே. கணக்கு வராது என்று என்னிடம் வந்த பலருக்கு, ஏழாம் வகுப்புப் பின்னத்தில்தான் தடங்கல் இருந்தது. ஒரு மாதத்தில் சரிசெய்யலாம்.

மூன்றாம் வருடம் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்கிறேன். துளியும் பிடிக்கவில்லை. நின்றுவிடலாமா? (மாணவர், ஈரோடு)

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன், தம்பி. மூன்று வருடம் பிடிக்காத வகுப்பில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். முதலாம் ஆண்டாக இருந்தால் மாறிவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது என் பேச்சைக் கேள்: இன்னும் ஒரு வருடம், முடித்துவிடு. பட்டம் கையில் இருந்தால் நிறையக் கதவு திறக்கும். மூன்று வருடச் சட்டப் படிப்பு, இதழியல், எம்.பி.ஏ., டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

அதுவரை சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அனுமதித்துவிட்டது. ஒன்றைக் கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டே இன்னொன்றைத் தொலைநிலையில் படிக்கலாம். பிடிக்கும் என்று நினைக்கும் துறையை அப்படித் தொட்டுப் பார். அப்புறம், பிடிக்காதது பாடமா, அந்தக் கல்லூரியா, பாடம் நடத்தும் விதமா என்று ஒரு தாளில் எழுதிப் பார். மனம் ரொம்பவும் கனத்தால் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடு. இது முக்கியம்.

அம்மா கூலி வேலைக்குப் போகிறார். பிடித்ததைப் படி என்பதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா? (மாணவி, விருத்தாசலம்)

பொருந்தும், கண்ணு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தொழிற்படிப்புச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். விண்ணப்பிக்கும் முன்பே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வை. இந்தத் தாள் தாமதமானதால் இடத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

மகள் 570 மார்க். வரலாறு படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். இத்தனை மார்க்கை வீணாக்கலாமா? (தந்தை, மதுரை)

ஐயா, 570 எடுத்த பிள்ளை வரலாற்றுக்குப் போனால் வரலாற்றுத் துறைக்குத்தான் லாபம். இதில் எதுவும் வீணாகவில்லை. நீங்கள் மதுரையில்தானே இருக்கிறீர்கள்? வரும் ஞாயிற்றுக்கிழமை மகளோடு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். அங்கே எழுத்து கீறிய பானை ஓடுகளைப் பார்ப்பீர்கள். அவற்றை மண்ணிலிருந்து எடுத்தவர்கள் வெயிலில் குந்தியபடி, தூரிகையால் மண்ணை மெல்ல மெல்லத் தள்ளியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வாயா என்று மகளிடம் கேளுங்கள். மாநிலத் தொல்லியல் துறையே கல்வெட்டியலும் தொல்லியலும் சொல்லித்தரும் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. போய்வந்த பிறகு, அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.