செப்டம்பர் புக்கிங், கேக், டிக்கெட்: கட்டின டெபாசிட் யாருக்கு?

செப்டம்பர் 1 ஸ்பிரிங் டேன்னு ஸ்கூல்ல பிள்ளைங்க பூ வெச்சுட்டுப் போறதுலேர்ந்து அக்டோபர் லீவு முடியற வரைக்கும் தென்னாப்பிரிக்காவுல, இந்த டர்பன்ல நம்ம வீடுங்கள்ல யாருக்கும் உக்கார நேரம் கிடையாது. நடுவுல ரெண்டு மூணு பர்த்டே, 24ஆம் தேதி ஹெரிடேஜ் டேக்கு, அதான் பாரம்பரிய நாளுக்கு, பாவாடை சட்டை, அதே மாசம் பாதியில புரட்டாசி வேற ஆரம்பிச்சு வீடே சைவம், அப்புறம் டெர்ம் முடிஞ்ச அன்னைக்கே கார்ல பெட்டியை ஏத்திட்டு ஜோபர்க் பெரிப்பா வீட்டுக்கு. இதுல பாதி செலவு முன்பணமா போயிடுது. அதனாலயோ என்னவோ இந்தத் தடவை வந்த கேள்வி எல்லாமே டெபாசிட்டைப் பத்தித்தான், அதுல சிலதை எடுத்து எழுதறேன்.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 7வது பர்த்டே. சனிக்கிழமைக்கு ஒரு சின்ன ஹாலும், பிள்ளைங்க குதிச்சு விளையாட காத்தடைச்ச ஜம்பிங் காஸிலும் புக் பண்ணி ரெண்டுக்கும் சேத்து 4,500 ராண்ட் கட்டியாச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரி பையனுக்கு வயித்துவலி, அப்பெண்டிக்ஸ்னு ஆஸ்பத்திரில சேத்து ஆபரேஷன் பண்ணிட்டாங்க. புதன் காலைலயே போன் பண்ணி சொன்னேன். ஹால்காரர் ஸ்லிப்ல "டெபாசிட் திருப்பித் தரப்பட மாட்டாது"ன்னு அடிச்சிருக்கு பாருங்கன்றார். காஸில்காரர் போனே எடுக்கல. இந்தக் காசு போனது போனதுதானா? (சாட்ஸ்வொர்த்)

முதல்ல பையன் நல்லபடியா எழுந்து நடக்கட்டும் தங்கச்சி, பார்ட்டி அப்புறம் வெச்சுக்கலாம். காசு போகல. நம்ம நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008ல வந்தது, 2011 ஏப்ரல்லேர்ந்து முழுசா நடைமுறையில இருக்கு, அதுல 17ஆம் பிரிவு பூரா முன்கூட்டியே புக் பண்றதைப் பத்தித்தான். யாருக்காக புக் பண்ணோமோ அவங்க இறந்துட்டாலோ ஆஸ்பத்திரில சேர வேண்டி வந்தாலோ கேன்சல் சார்ஜ்னு ஒரு சென்ட் கூடப் பிடிக்கக்கூடாதுன்னு அந்தப் பிரிவுல நேராவே சொல்லியிருக்கு. பார்ட்டி உங்க மகனுக்கு, ஆஸ்பத்திரில இருக்கறதும் உங்க மகன், இதுக்கு மேல என்ன வேணும். ஸ்லிப்ல என்ன அடிச்சிருந்தாலும் சட்டம் குடுத்த உரிமையை ஒரு வரி அச்சு எடுத்துட முடியாது.

இன்னைக்கே ரெண்டு பேருக்கும் எழுத்துல அனுப்புங்க, வாட்ஸ்அப் போதும், ஆனா போன்ல பேசினதோட விடாதீங்க. எந்தத் தேதிக்கு புக் பண்ணீங்க, எவ்ளோ கட்டினீங்க, எப்ப கேன்சல் பண்ணீங்க, எதுக்கு, 17ஆம் பிரிவுப்படி முழுப் பணமும் எந்த அக்கவுண்டுக்குப் போடணும், இவ்ளோதான். ஆஸ்பத்திரில அட்மிட் ஆன தேதி இருக்கற பேப்பரை போட்டோ எடுத்து வைங்க, என்ன வியாதி என்ன ஆபரேஷன்னு இருக்கற வரியை மறைச்சுட்டு அனுப்பலாம், அவங்களுக்குத் தேதிதான் வேணும், பிள்ளையோட உடம்பு விவரம் எதுக்கு.

இதே மாதிரி இன்னொருத்தங்களும் எழுதியிருக்காங்க, அவங்க வீட்ல ஆஸ்பத்திரிக்குப் போனது ஆயா, பார்ட்டி பேத்திக்கு. அங்க கணக்கு வேற. புக்கிங் ஆயாவுக்காக இல்லாததால சார்ஜே கூடாதுங்கற விதி அங்க பொருந்தாதுன்னு ஹால்காரர் சொல்ல இடம் இருக்கு. ஆனா அப்பவும் முழு டெபாசிட்டையும் சும்மா வெச்சுக்க முடியாது. கேன்சல் பண்றது நம்ம உரிமை, அவங்க பிடிக்கற சார்ஜ் நியாயமா இருக்கணும். எது நியாயம்னு பாக்க சட்டமே வழி சொல்லுது: என்ன மாதிரி சேவை, எத்தனை நாள் முன்னாடி சொன்னோம், அந்த இடைவெளியில அவங்க முயற்சி பண்ணியிருந்தா வேற ஆள் கிடைச்சிருப்பாங்களா, அந்தத் தொழில்ல பொதுவா என்ன வழக்கம். செப்டம்பர்ல சனிக்கிழமைக்கு ஹால் கிடைக்காம எத்தனை பேர் அலையறாங்க! ஆறு வாரம் முன்னாடி சொன்னா வேற ஆள் கிடைக்கலன்னு சொல்றது கஷ்டம். வியாழக்கிழமை சொன்னா அவங்க பக்கமும் நஷ்டம் இருக்கு, அதையும் நாம ஒத்துக்கணும், அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதான்.

எங்க வீட்லயே நடந்தது இது. மகளோட 21வது பர்த்டேக்கு ஹால் புக் பண்ணி, மாமனார் தவறிட்டதால ரெண்டு மாசம் முன்னாடியே கேன்சல் பண்ணோம். முழு டெபாசிட்டும் போச்சுன்னாங்க. அதே சனிக்கிழமை அதே ஹால்ல வேற ஒரு குடும்பம் கல்யாண ரிசப்ஷன் வெச்சாங்க, எங்க சொந்தக்காரங்களே அதுக்குப் போய் சாப்பிட்டுட்டு வந்து சொன்னாங்க. நான் உக்காந்து ஒரு பக்கம் எழுதினேன், "எங்களால உங்களுக்கு எவ்ளோ நஷ்டம்னு கணக்கு குடுங்க"ன்னு மட்டும்தான் கேட்டேன். மூணு வாரம் கழிச்சு அட்மின் சார்ஜ்னு கொஞ்சம் பிடிச்சுட்டு மீதி வந்துடுச்சு. அன்னைலேர்ந்து நான் யார் கேட்டாலும் சொல்றது, பணம் எங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி கணக்கு எங்கன்னு கேளுங்க.

கேள்வி: பேரனுக்கு புரட்டாசியில பர்த்டே. வீட்லேர்ந்து கேக் செஞ்சு விக்கற ஒரு பொண்ணுகிட்ட முட்டை போடாத கேக் வேணும்னு ஆர்டர் குடுத்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் நடுவுல வெச்ச க்ரீம்ல முட்டை இருந்ததுன்னு அதுவே சொல்லுது. விரதத்துல இருக்கற எனக்கு மனசே ஆறல. 1,200 ராண்டைத் திருப்பிக் கேட்டா "ஸ்பெஷல் ஆர்டர், சாப்பிட்டும் முடிச்சாச்சு"ன்னு சொல்லுது. (பீனிக்ஸ், ஒரு ஆயா)

ஆயா, உங்க மனசு கஷ்டம் புரியுது. சனிக்கிழமை கோவிந்தான்னு சொல்லி வாழை இலை போட்டு சாப்பிடற வீடு, அதுல இப்படி ஒன்னு நடந்தா காசு ரெண்டாவது விஷயம்தான். ஆனாலும் காசையும் விட வேண்டாம்.

ஸ்பெஷல் ஆர்டர்னு அந்தப் பொண்ணு சொல்றதுல பாதி உண்மை. நமக்குன்னே தனியா செய்ற பொருளை, மனசு மாறிடுச்சுன்னு புக்கிங் கேன்சல் மாதிரி கேன்சல் பண்ண முடியாது, 17ஆம் பிரிவு அதைச் சேத்துக்கல. ஆனா நீங்க மனசு மாறல, கேட்டது ஒன்னு வந்தது ஒன்னு. இன்ன காரியத்துக்கு வேணும்னு வாங்கறவங்க குறிப்பா சொல்லியிருந்தா பொருள் அதுக்குப் பொருத்தமா இருக்கணும்னு 55ஆம் பிரிவு சொல்லுது. வீட்லேர்ந்து செஞ்சாலும் தொழிலா விக்கறவங்களுக்கு இந்தச் சட்டம் உண்டு, கடை போர்டு தொங்கணும்னு இல்ல.

இப்ப எல்லாம் நீங்க "முட்டை வேண்டாம்"னு சொன்னதுக்கு என்ன அத்தாட்சி இருக்குங்கறதுல நிக்குது. வாட்ஸ்அப்ல இருந்தா அந்த மெசேஜை அழிக்காதீங்க, முட்டை இருந்ததுன்னு அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டதையும் சேத்து பேரப்பிள்ளைங்ககிட்ட குடுத்து ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்க. முதல்ல நல்லபடியா எழுதிக் கேளுங்க, சின்னப் பொண்ணு, தொழில் இப்பதான் ஆரம்பிச்சிருக்கும், தப்பை ஒத்துக்கிட்டதே பெரிய மனசு. அப்படியும் தரலன்னா வாங்கறவங்க புகாரை விசாரிக்கற கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட்ஸ்மன்னு ஒரு அமைப்பு இருக்கு, புகார் குடுக்க காசு கிடையாது. அதுக்கும் மேல சின்னத் தொகை வழக்குக்குன்னே இருக்கற ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட், 2019ல வரம்பை 20,000 ராண்டுக்கு ஏத்தினாங்க, அங்க வக்கீலே உள்ள வரக்கூடாது, நீங்களே பேசலாம். போறதுக்கு முன்னாடி 14 நாள் டைம் குடுத்து, பணத்தைக் கேட்டு ஒரு டிமாண்ட் லெட்டர் குடுத்திருக்கணும். 1,200 ராண்டுக்கு கோர்ட்டான்னு கேப்பீங்க, பெரும்பாலும் அந்த லெட்டரோடயே முடிஞ்சுடும்.

அடுத்த தடவை ஆர்டர் குடுக்கும்போது "எக்லெஸ்"னு ஒரு வார்த்தை போதாது ஆயா, கேக், க்ரீம், மேல போடற ஐசிங் எதுலயும் முட்டையோ மாமிசமோ ஜெலட்டினோ கூடாதுன்னு ஒவ்வொன்னா எழுதுங்க. வெஜிடேரியன்னு சொன்னா முட்டை சேக்கலாம்னு நினைக்கறவங்க இங்க நிறைய, நம்ம புரட்டாசி அவங்களுக்குத் தெரியாது.

கேள்வி: ஹெரிடேஜ் டேக்கு மகளுக்கு பட்டுப்பாவாடை ஆன்லைன்ல வாங்கினேன், படத்துல மாம்பழக் கலர், வந்தது ஆரஞ்சு. வந்து மூணு நாள்தான் ஆகுது. எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான், பணம் கிடையாதுன்றாங்க. (வெருலம்)

ஏழு நாள் இருக்கு உங்களுக்கு. ஆன்லைன்ல வாங்கினதுக்கு 2002ல வந்த எலெக்ட்ரானிக் வணிகச் சட்டம் தனியா ஒரு உரிமை குடுக்குது, பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள்ள காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம், திருப்பி அனுப்பற கூரியர் செலவு மட்டும் நம்ம தலையில, பணம் 30 நாளுக்குள்ள வரணும். இன்னைக்கே எழுதி அனுப்பிடுங்க, லேபிளை வெட்டாதீங்க, பிள்ளைக்குப் போட்டு அழகு பாக்காதீங்க. ஆனா அளவு குடுத்து தெச்ச ஜாக்கெட்டா இருந்தா இந்த 7 நாள் கிடையாது.

இதையே க்ரே ஸ்ட்ரீட்லயோ விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்லயோ நேர்ல போய் தொட்டுப் பாத்து வாங்கி, வீட்டுக்கு வந்தப்புறம் கலர் பிடிக்கலன்னா சட்டம் உதவாது, கடைக்காரர் மாத்திக் குடுத்தா அது அவர் நல்ல மனசு. அதனால காசு கட்டற டில்லுக்குப் போறதுக்கு முன்னாடி "பிடிக்கலன்னா கொண்டு வரலாமா"ன்னு கேட்டு ஸ்லிப்லயே எழுதி வாங்கிக்குங்க. நான் கேட்டப்ப முகம் சுளிச்ச கடைக்காரர் ஒருத்தர்கூட இல்ல.

கேள்வி: ஸ்கூல் டூருக்கு வாங்கின பெட்டி, முதல் தடவையிலேயே சக்கரம் கழண்டு வந்துடுச்சு. ரிப்பேர்தான் பண்ணித் தருவோம்னு கடையில சொல்றாங்க. (டோங்காட்)

வாங்கி 6 மாசத்துக்குள்ள பழுதுன்னா ரிப்பேரா, புதுசா, பணமான்னு தேர்ந்தெடுக்கறது நீங்க, கடை இல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 56ஆம் பிரிவு. ரிப்பேருக்கே ஒத்துக்கிட்டீங்கன்னாலும் 3 மாசத்துக்குள்ள மறுபடி போச்சுன்னா அவங்க புதுசு குடுக்கணும் இல்ல பணம் குடுக்கணும். டில் ஸ்லிப்ல எழுத்து ரெண்டு மாசத்துல வெளுத்துடும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க.

கேள்வி: அக்டோபர் லீவுக்கு நானும் 9 வயசு மகளும் மொரிஷியஸ் போறதா டிக்கெட் போட்டோம், கணவருக்கு லீவு கிடைக்கல. ரெண்டு நாள் கழிச்சு தேதி ஒத்து வராம கேன்சல் பண்ணா ஒன்னும் திரும்பாதுன்றாங்க. ஆன்லைன்ல வாங்கினா 7 நாள் இருக்குன்னு தோழி சொன்னா. வேற தேதியில போனா மகளுக்கு என்ன பேப்பர் வேணும்? (உம்ஷ்லாங்கா)

தோழி சொன்ன 7 நாள் டிக்கெட்டுக்குக் கிடையாது. குறிப்பிட்ட தேதிக்கான பயணம், தங்குமிடம், சாப்பாடு ஏற்பாடு, பொழுதுபோக்கு இதெல்லாம் அந்த எலெக்ட்ரானிக் வணிகச் சட்டத்துல விலக்கு. நிறைய பேர் இதுலதான் ஏமாந்து போறாங்க. ஆனா நுகர்வோர் சட்டத்துல மேல சொன்ன 17ஆம் பிரிவு இருக்கு, முன்கூட்டிய புக்கிங்தானே. ரெண்டே நாள்ல, பயணத்துக்கு வாரக்கணக்கா இருக்கும்போது கேன்சல் பண்ணியிருக்கீங்க, அந்த சீட்டை அவங்க திருப்பி விக்க எவ்ளோ நேரம் இருக்கு. எழுதிக் கேளுங்க, பறக்காத டிக்கெட்டுக்கு ஏர்போர்ட் வரியைத் தனியா பிரிச்சுக் கேளுங்க. மலிவு டிக்கெட்டுன்னா அந்த விலைக்கே கண்டிஷன் கடுமையா இருக்கும்னு அவங்க வாதம் பண்ணுவாங்க, முழுசா வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்.

மகள் விஷயத்துல காசை விட இது முக்கியம். அப்பா இல்லாம நாட்டை விட்டு வெளில போறதுன்னா, அம்மாவே கூட்டிட்டுப் போனாலும், அப்பாவோட சம்மதக் கடிதமும் அவர் ஐடி காப்பியும் கையில இருக்கணும், 2015லேர்ந்து இந்தக் கெடுபிடி. அப்பா அம்மா பேர் இருக்கற முழு பர்த் சர்டிஃபிகேட்டையும் எடுத்துட்டுப் போயிடுங்க, பெட்டியில ஒரு பேப்பர் கூட இருந்தா பாரம் இல்ல. அப்புறம் 16 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்க பாஸ்போர்ட் 5 வருஷம்தான், குழந்தையில எடுத்ததை அப்படியே அலமாரியில வெச்சிருந்தீங்கன்னா, டிக்கெட் தேதி மாத்தறதுக்கு முன்னாடி அதைத் திறந்து பாருங்க.

கேள்வி: போன வருஷ பர்த்டேக்கு மாமா வாங்கிக் குடுத்த கிஃப்ட் வவுச்சர், 6 மாசத்துல காலாவதின்னு போட்டிருக்கு. இப்ப கடையில வாங்க மாட்டேங்கறாங்க. (மெரிபேங்க்)

மாமா காசு குடுத்து வாங்கினதுன்னா 3 வருஷம் செல்லும், நுகர்வோர் சட்டத்துல 63ஆம் பிரிவு, அட்டையில என்ன தேதி போட்டிருந்தாலும். கடை சும்மா குடுத்த டிஸ்கவுண்ட் கூப்பனுக்கு இது பொருந்தாது. மேனேஜரைக் கூப்பிட்டு அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்க, மாமாகிட்ட அப்ப எடுத்த ஸ்லிப் இருந்தா அதையும் கையில எடுத்துட்டுப் போங்க.