மூலிகை ஆய்வில் மகளுக்கு விருப்பம்: உசிலம்பட்டித் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் மகள், நீட் தேர்வை மறுபடி எழுத மறுத்து, மூலிகை மருந்துகளை ஆராயும் படிப்புதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதாகவும், இலை தழையைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தந்தையார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து ஊரில் பலருக்கு மஞ்சள்காமாலையைத் தீர்த்தார் என்றும் ஒரு வரி இருந்தது. மகள் செய்ய விரும்பும் வேலை இன்னதென்று விளக்க அந்த வரியே போதும்.

அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருகிற ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஆகவே, கீழாநெல்லி சாப்பிட்டவர் குணமானார் என்பதை மட்டும் வைத்து, குணம் கீழாநெல்லியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் குணமானார்கள் என்பதும் தெரிய வேண்டும். சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் இதைத்தான் ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமந்திருந்தவர்களிடம் செய்து பார்த்து, 1988இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. செடியின் இனம், வளர்ந்த மண், பறித்த பருவம், சாறு எடுத்த முறை என எது மாறினாலும் மருந்தின் தன்மை மாறலாம் என்பதால், அந்த வேறுபாட்டுக்கான காரணத்தைத் தேடுவதும் இத்துறையின் அன்றாட வேலைதான். பிடித்த மூலிகைக்குப் பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதை அப்படியே எழுதும் மனம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை, எந்தக் கல்லூரி என்று பார்ப்பதற்கு முன்பே அவரிடம் பேசிப் பாருங்கள்.

ஆய்வகத்தில் நாள் எப்படிப் போகும் என்றும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். செடியைத் தாவரவியல் வல்லுநரிடம் காட்டி இனத்தை உறுதி செய்து, ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்திப் பதிவெண்ணுடன் சேமித்து, மீதியை நிழலில் காயவைத்துப் பொடித்து, எத்தனால் என்ற ஆல்கஹாலில் சாறு இறக்கி, அந்தத் திரவத்தை ஆவியாக்கிவிட்டு மிஞ்சும் பசையை எடுக்க வேண்டும். அதைக் கரைத்து, பாக்டீரியா பூசிய அகார் தட்டின் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டின்) குழியில் விட்டு ஓர் இரவு வைத்தால், சாற்றுக்குக் கிருமியைத் தடுக்கும் திறன் இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் ஒன்று தெரியும். அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். பக்கத்துக் குழியில் கரைக்கப் பயன்பட்ட திரவம் மட்டும் இருக்கும், இன்னொன்றில் வழக்கமான ஆன்டிபயாட்டிக் இருக்கும். அவ்விரண்டும் இல்லாத வட்டத்துக்கு மதிப்பே இல்லை. தட்டில் கிருமியைத் தடுத்த அளவு மனித இரத்தத்தில் எட்டவே முடியாத அளவாகவும் இருக்கலாம். தட்டில் தெரிந்த வட்டத்தை நம்பியே "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று பாட்டிலில் அச்சடிக்கும் வியாபாரத்தில் எனக்குச் சிறிதும் மரியாதை கிடையாது. தட்டுக்குப் பிறகு, நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் எலிகளிடம் சோதனை, அதன்பின் முன்கூட்டியே பதிவு செய்து மனிதர்களிடம் சோதனை என்று பாதை பல ஆண்டுகள் நீளும்.

படிப்பைப் பொறுத்தவரை, உங்கள் குடும்ப நிலைக்கு நான் பரிந்துரைப்பது மருந்தியல் இளநிலைப் பட்டமான நான்காண்டு பி.ஃபார்ம். அதற்குத் தமிழ்நாட்டில் நீட் தேவையில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மருந்தியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவும் குறைவு. அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக் கல்லூரியிலோ தாவரவியல் படித்து, காமராசர் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேர்வதும் நல்ல வழிதான்; ஆனால் இடையில் நிறுத்த நேர்ந்தால், வெறும் இளநிலைப் பட்டத்துக்கு இத்துறையில் வேலை அரிது. பி.ஃபார்ம் முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்ளலாம், அரசின் மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) தேர்வை எழுதலாம், மருந்து நிறுவனங்களின் தரப் பரிசோதனைப் பிரிவுகளில் சேரலாம். மிளகில் பப்பாளி விதை கலப்பது போல மூலிகைச் சரக்கிலும் கலப்படம் உண்டு என்பதால், சரக்கை நுண்ணோக்கியில் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவருக்கு சித்த, ஆயுர்வேத மருந்து நிறுவனங்களில் தேவை இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்கத்தான் ஆசை என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உண்டு; அதற்கு நீட் வேண்டும்.

ஆராய்ச்சியாளர் ஆக, முதுநிலைப் படிப்பான எம்.ஃபார்மில் பார்மகாக்னசி (இயற்கைப் பொருள்களிலிருந்து கிடைக்கும் மருந்துகளைப் பற்றியது) அல்லது பார்மகாலஜி (மருந்து உடலில் செயல்படும் விதத்தைப் பற்றியது) பிரிவை எடுத்து, பிறகு முனைவர் பட்டம் வரை போக வேண்டும். மொத்தம் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். அந்தக் காலம் முழுவதும் நீங்களே செலவழிக்க வேண்டியதில்லை. எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான ஜிபேட்டில் தகுதி பெற்றால் எம்.ஃபார்ம் படிக்கையில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அறிவியல் ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள்.

கல்லூரி பார்க்கச் செல்லும்போது மகளையும் அழைத்துச் சென்று, கேள்விகளை அவரையே கேட்கச் சொல்லுங்கள். சோதனை எலிகளை வளர்க்கும் விலங்குக் கூடத்துக்கு அரசுப் பதிவு இருக்கிறதா, பகுப்பாய்வுக் கருவிகளை மாணவர்கள் தாமே இயக்குகிறார்களா அல்லது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா, மூலிகைத் தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று அவர் கேட்கட்டும். அழகர்மலையிலோ சிறுமலையிலோ காப்புக்காட்டில் செடி பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால், அதை யார் வாங்கித் தருவார்கள் என்பதையும் கேட்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்தபின் அங்கே கூட்டம் அதிகமாகிவிடும்.