கோயிலுக்குப் பின்னால் உள்ள புல்மேட்டில் மரம் நடலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் கோயிலுக்குப் பின்னால் உள்ள புல்சரிவு "சும்மா கிடக்கிறது" என்று இளைஞர் குழு அதில் 200 மரம் நடப்போவதாகவும், உண்ணிச்செடி (லன்டானா என்ற களை) வேறு படர்வதாகவும் எழுதியிருந்தீர்கள். மரம் வேண்டாம். வேண்டுமானால் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக நடட்டும்.

அது தரிசு இல்லை. டர்பன் பக்கத்துப் புல்வெளியின் பெரும்பகுதி கரும்புக்கும் வீடுகளுக்கும் போய்விட்டது. மிச்சமிருப்பதன் உயிர் மண்ணுக்கடியில், கிழங்குகளில் இருக்கிறது. ஒருமுறை உழுதாலோ குழி தோண்டினாலோ எளிதில் திரும்பாது.

உண்ணிச்செடியை மழைக்கு முன், காய் பழுக்கும் முன் எடுங்கள். சின்னதை வேரோடு பிடுங்கலாம். பெரியதை வெட்டிய உடனே அடிக்கட்டையில் களைக்கொல்லி பூச வேண்டும், இல்லையென்றால் மறுபடி துளிர்க்கும். அடுத்த வருடமும் ஆள் வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தீ. இந்தப் புல்லுக்கு அது தேவை: குளிர்காலக் கடைசியில், ஒரு வருடம் பாதி, மறுவருடம் மீதி. தீமிதிக்குக் குண்டம் வளர்த்த அனுபவம் இதற்கு உதவாது. தீத்தடுப்புப் பட்டை (தீ தாண்டாதபடி புல்லை நீக்கிய இடைவெளி) அமைப்பது நில உரிமையாளரின் கடமை என்று தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் காட்டுத்தீச் சட்டமே சொல்கிறது. அனுமதி வாங்கி, பயிற்சி பெற்றவர்களை வைத்தே எரியுங்கள்.

முதலில் குழுவை சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள், பக்கம்தானே. அங்குள்ள புல்லைக் காட்டினால் பாதி வாதம் முடிந்துவிடும்.